பெருசு திரும்பி இறங்கிய வளைவு

எனக்கு வீடியோ மீது கோபம் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "வயசாயிடுச்சு, பொறாமை" என்று என் மாணவர்களே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். போன மாதம் கள்ளக்குறிச்சியில் சைக்கிள் பந்தய நடுவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவன் என்கிற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு, ஒரு சால்வையைப் போர்த்தி, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இனி நடுவர் போகும் ஒவ்வொரு வண்டியிலும் கேமரா இருக்குமாம். சந்தேகம் வந்தால் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாமாம். நல்லதுதான். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், கேமரா இல்லாதப்போ நீங்கல்லாம் எத வெச்சி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தேன். தேவசகாயம் என்கிற பழைய சைக்கிள் வீரரின் முகம்தான் கண்முன் வந்தது. அத்தனை பேர் முன்னால் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, "அது பெரிய கதைம்மா, எழுதித் தர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்களுக்கு ஜவுளிக் கடை. நானும் கல்லாவில் உட்கார்ந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க, பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிட வேண்டும் என்பது அத்தாவின், அதாவது என் அப்பாவின், திட்டம். நான் ஓடிப்போய் உடற்பயிற்சி ஆசிரியர் ஆனேன். பள்ளி மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவனை ஒரு நாள் சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறிக்க ஆள் இல்லையென்று இழுத்துப்போனார்கள். போனவன் திரும்பவில்லை. தேர்வு எழுதினேன், நடுவர் ஆனேன், தலைமுடியும் போனது. விடுமுறை நாளெல்லாம் யாரோ ஒருவனின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. "அடுத்தவன் மிதிக்கிறான், உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பல நாள் நடக்கிற சாலைப் பந்தயத்தில் தினமும் ஒரு ஓட்டம். எல்லா நாளின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் கம்மியோ அவரே வெற்றியாளர். கூட்டுத் தொகையில் முன்னால் இருப்பவர் மறுநாள் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓட்டுவார். நடுவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீரர்களோடேயே போவார். அது நான். கழுத்தில் இரண்டு நிறுத்துக் கடிகாரம், மடியில் ஒரு சின்னக் கரும்பலகை, சட்டைப் பையில் சாக்பீஸ். முதல் ஆள் ஒரு புளியமரத்தைத் தாண்டும்போது கடிகாரத்தைத் தட்டவேண்டும். அடுத்தவன் அதே மரத்தைத் தாண்டும்போது நிறுத்தவேண்டும். வித்தியாசத்தைப் பலகையில் எழுதி, முன்னால் விரைந்து போய், ஓட்டிக்கொண்டிருப்பவருக்குக் காட்டவேண்டும். காட்டும்போது முகத்தில் சிரிப்போ வருத்தமோ தெரியக் கூடாது. இதுதான் கஷ்டம். எனக்கு முகம் ஒத்துழைக்காது, வாயை இறுக்கி மூடிக்கொள்வேன்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டெல்லா மேடம். திருநாவலூர்ப் பக்கம் ஊர், கல்லூரியில் உடற்கல்வித் துறையில் இருந்தவர், எங்கள் பந்தயங்களுக்குத் தலைமை நடுவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. மெதுவாகப் பேசப் பேசத்தான் நமக்கு வியர்க்கும். ஓட்டம் முடிந்ததும் நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து முதலில் டீ கொடுப்பார். "பேசிட்டீங்கன்னா ரெண்டு பேரு பாத்தது ஒண்ணா ஆயிடும். எனக்கு ரெண்டும் வேணும்" என்பார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். நாம் ஏதாவது சொன்னால், பேனாவை மூடிவிட்டு, "இப்ராஹிம், இது பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்பார். நெனச்சது என்றால் அந்த வாக்கியம் அங்கேயே செத்தது.

இப்போது தேவசகாயத்துக்கு வருகிறேன். மணலூர்பேட்டைக்காரர், மின்சார லைன்மேன். நாற்பதைத் தாண்டிச் சில வருஷம் ஆகிவிட்டது. காதோரம் நரை. இருபது வருஷமாகப் பந்தயத்தில் இருக்கிறார். ஆனால் ஒரு முறைகூட மொத்தப் பந்தயத்தை ஜெயித்ததில்லை. பின்னால் வருகிற வேறொருவனுக்கு மிதிப்பது சுலபமாக இருக்கட்டும் என்று, எப்போதும் முன்னால் போய் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்கிற வேலை. பையன்கள் அவரை "பெருசு" என்பார்கள். "பெருசு, மூட்டு தைலம் எடுத்துக்கினு வந்தியா?" என்று கேலி செய்வார்கள். "உனக்கும் சேத்துதான் எடுத்தாந்தேன் கண்ணு" என்பார் அவர்.

அந்த வருஷம் முதல் தடவையாகப் பந்தயத்தைக் கல்வராயன் மலைக்கு ஏற்றினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து நாற்பது தாண்டியவர்கள் பொதுப் பிரிவில் ஓட்ட முடியாது, அவர்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவிப்பும் வந்துவிட்டது. தேவசகாயத்துக்கு இது கடைசி வாய்ப்பு. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று நாள் பந்தயம். முதல் நாள் கரும்பு வயல்களுக்கு நடுவே சமதரை ஓட்டம். கூட்டமாகப் போய்க் கூட்டமாகவே வந்தார்கள். இரண்டாம் நாள் சங்கராபுரம் சாலையில் தனித்தனியாக நேரத்தோடு போட்டி. அதில் சென்னைப் பையன் பிரணவ் பறந்துவிட்டான். நல்ல பையன், தங்கமான குணம், கால் இரண்டும் எஞ்சின். மஞ்சள் ஜெர்சி அவனுக்குப் போனது. தேவசகாயம் இரண்டாவது. இருவருக்கும் நடுவே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. மூன்றாம் நாள் மலை.

அன்றைக்குக் காலை கச்சிராயபாளையத்தில் புறப்படும் இடத்தில், டீக்கடையில் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயது ஒத்துக்கொள்ளாது என்றார்கள் சிலர். நான் வாயைத் திறக்கவில்லை, நடுவர் பேசக் கூடாது. ஆனால் மனசுக்குள் என் கணக்கு வேறாக இருந்தது. பையன்களுக்கு வேகம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. கோமுகி அணையைத் தாண்டி முதல் வளைவுகளிலேயே ஒருவனை ஒருவன் முந்திப் பலத்தைக் கொட்டிவிடுவார்கள். பெருசு அப்படியில்லை. லீவு நாளெல்லாம் அந்த மலையில் ஏறி இறங்கியவர். எந்த வளைவில் உள்பக்கம் செங்குத்து, எங்கே வெளிப்பக்கம் சுற்றிப் போனால் கால் தப்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சு அடங்கித் துடிக்கிற ஆள். வெயில் ஏற ஏற அவர் பக்கம் தராசு சாயும்.

"இன்னா தேவசகாயம், எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ அந்த மஞ்ச பனியன போட்டுக்கினு வூட்டுக்குப் போவணும் சார். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் குனிந்து, சாக்பீஸ் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டேன்.

எனக்கு வண்டி ஓட்ட வந்தவர் சின்னையன். வெள்ளிமலைக்காரர், அந்தச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவார், சில இடத்தில் மூடிக்கொண்டேதான் ஓட்டினாரோ என்று எனக்குச் சந்தேகம். ஏற்றம் தொடங்கியது. நான் நினைத்தபடியே நடந்தது. பையன்கள் பாய்ந்தார்கள். தேவசகாயம் கூட்டத்தின் வாலில், ஏதோ டியூட்டிக்குப் போகிறவர் மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவனாக வாடி விழ ஆரம்பித்தார்கள். அவர் வேகத்தைக் கூட்டவே இல்லை, மற்றவர்கள் பின்தங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவனையும் தாண்டும்போது, "வா கண்ணு, மூச்ச வுட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி மலையில் பிரணவையும் தாண்டினார்.

ஒரு மரத்தைக் குறியாக வைத்துக் கடிகாரத்தைத் தட்டினேன். பிரணவ் வரக் காத்திருந்தேன். நிறுத்திப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கும் மேல். அதாவது அந்த நொடியில் மொத்தப் பந்தயமும் பெருசு கையில். பலகையில் பெரிதாக எழுதினேன். முன்னால் போய்ப் பலகையைக் காட்டினேன். அவர் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார். என் முகம் அன்றைக்கும் ஒத்துழைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உச்சிக்கு முன்னால் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதுதான் மலையிலேயே பொல்லாத இடம். உள்பக்கம் சுவர் மாதிரி எழும்பும். அங்கே மலைக் கிராமத்து ஜனங்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். முந்தின வாரம் நாங்களே அந்த ஊர்களுக்கெல்லாம் போய் மைக்கில் சொல்லியிருந்தோம், ஆடு மாட்டைக் கட்டி வையுங்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாலையைக் கடக்காதீர்கள் என்று. ஒரு சொல் தவறாமல் கேட்டிருந்தார்கள். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் காணோம். ஆனால் "தள்ளாதீர்கள்" என்று சொல்லவேண்டும் என எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பந்தயம் என்றால் ஜனங்கள் கைதட்டுவார்கள், செல்போனில் படம் பிடிப்பார்கள். தள்ளுவார்கள் என்று யார் கண்டது?

தேவசகாயம் வளைவுக்குள் நுழைந்தார். முகம் கோணியிருந்தது, தோள் இரண்டும் ஆடியது. துண்டை இடுப்பில் கட்டிய ஒருவர் ஓடிவந்து முதுகில் கை வைத்தார். இன்னொருவர் சீட்டைப் பிடித்தார். இருவரும் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"வேணாங்க! வேணாம், வுட்டுடுங்க!" என்று கத்தினார் தேவசகாயம்.

அவர்கள் இன்னும் பலமாகத் தள்ளினார்கள்.

"யோவ், என்னய்யா பண்றாங்க?" என்று நான் அலறினேன்.

"இங்க அப்பிடித்தான் சார்" என்றார் சின்னையன் சாவகாசமாக. "இந்த வளைவுல ஜீப்பு, பால் வண்டி, யாரு திணறினாலும் கை குடுப்போம். நின்னு பாத்துக்கினு இருந்தா அசிங்கம்."

"அவருதான் வேணாம்னு கத்றாரே!"

"வேணாம்னுதான் சார் சொல்லுவாங்க. வாயத் தொறந்து தள்ளுன்னு யாரு கேப்பாங்க?"

விதி இதுதான். வீரர் கேட்டு வாங்கினாலோ, கேட்பதுபோல் கை நீட்டினாலோ அபராத நேரம் உண்டு. ஜனங்களாகத் தள்ளி, வீரர் மறுத்தால் ஒன்றும் இல்லை. அவர் மறுத்ததை நான் காதால் கேட்டேன், கண்ணால் பார்த்தேன். பலகையின் பின்பக்கம் "மறுத்தார்" என்று எழுதியும்விட்டேன். அவர் போய்க்கொண்டே இருக்கலாம். வளைவும் தாண்டியாகிவிட்டது.

அவர் பிரேக்கைப் பிடித்தார்.

காலை ஊன்றி இறங்கினார். சைக்கிளைத் திருப்பினார். அந்த இரண்டு பேரும் எந்த இடத்தில் கை வைத்தார்களோ, அந்த இடம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே நடந்தார். அங்கே நின்று அந்த ஜனங்களைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்பா நெனச்சிக்காதீங்க. நானே ஏறணும்" என்றார்.

"இன்னா சார் இந்தாளு, லூசா?" என்றார் சின்னையன். யா அல்லாஹ், இது என்ன மனுஷன் என்றுதான் தோன்றியது. அந்தச் சரிவில் நின்ற காலோடு கிளம்புவதென்றால் என்னவென்று சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். சூடான தசை நின்றதும் பிடித்துக்கொள்ளும். பெடலில் ஒரு கால் மாட்டி, இன்னொரு காலை எடுப்பதற்குள் வண்டி பின்னால் உருளும்.

அவர் ஒரு காலை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே பிரணவ் வந்துவிட்டான். ஜனங்கள் அவனுக்கும் கை கொடுத்தார்கள். அவன் தலை தொங்கியிருந்தது. ஒரு கை ஹேண்டில்பாரை விட்டுப் பின்னால் போனது, அதை நான் பார்த்தேன். தள்ளின வேகத்தில் வளைவைத் தாண்டிப் போய்விட்டான்.

தேவசகாயம் கிளம்பினார். எழுந்து நின்று மிதித்தார், முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகக் கோணல்மாணலாக ஏறினார். ஒருவரும் அவரைத் தொடவில்லை. சத்தமும் இல்லை. எத்தனையோ பெரிய பந்தயம் பார்த்தவன் நான், வெளிமாநிலத்துச் சாம்பியன்களைப் பின்னால் இருந்து பார்த்தவன். அந்த வளைவில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் முடிவுக் கோட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே பிரணவை மறுபடி எட்டிப்பிடித்துத் தாண்டினார். அன்றைய ஓட்டத்தில் முதல் அவர்தான். ஆனால் மொத்தப் பந்தயமும் அவருக்குக் கிடைக்க, பிரணவ் கிட்டத்தட்ட முக்கால் நிமிஷம் கழித்து வரவேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டான். கூட்டிக் கழித்தால் நாலைந்து விநாடியில் மஞ்சள் ஜெர்சி பிரணவுக்கு. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்.

ஆனால் முடிவு அறிவிக்கவில்லை. பிரணவின் கை விவகாரம் இருந்தது. அவன் கை நீட்டிக் கேட்டான் என்றால் அபராத நேரம், அப்படியானால் பந்தயம் தேவசகாயத்துக்கு. அந்த வளைவில் படம் பிடித்தவர் யாரும் இல்லை, தள்ளின ஜனங்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஸ்டெல்லா மேடம் உட்கார்ந்தார். எனக்கு மூலை, டீ.

"கை பின்னால போச்சு மேடம்" என்றேன்.

"எதுக்குப் போச்சு?"

"தள்ளச் சொல்லித்தான்..."

பேனா மூடியது. "இப்ராஹிம், இது பாத்ததா, நெனச்சதா?"

சத்தியமாகச் சொல்கிறேன், பெருசு ஜெயிக்கவேண்டும் என்று என் ஒவ்வொரு மயிர்க்காலும் ஆசைப்பட்டது. நான் நின்ற இடத்திலிருந்து பிரணவின் முதுகுதான் தெரிந்தது. கை போனதைத்தான் பார்த்தேன். "நெனச்சது மேடம்" என்றேன். என் ஆசையை நானே குழிதோண்டிப் புதைத்த மாதிரி இருந்தது.

பிரணவைக் கூப்பிட்டார். "தெரியல மேடம். கண்ணு இருட்டிடுச்சு. யாரோ பிடிச்சாங்க, அவ்ளோதான் ஞாபகம்" என்றான். பொய் சொல்லவில்லை, பாவம். உதடு வெடித்திருந்தது.

அந்த இடத்தில் கால் ஊன்றி நின்று, நேருக்கு நேர் பார்த்தவர் இன்னொருவர் இருந்தார். மேடம் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு தேவசகாயத்தைக் கூப்பிட்டார். இப்படி ஒரு வழக்கம் கிடையாது, லாபம் அடையப்போகிறவரையே சாட்சி கேட்பதா என்று எனக்குப் பதைத்தது. அதைவிட, அவர் என்ன சொன்னாலும் மேடம் எழுதிக்கொள்வார் என்று தெரிந்ததுதான் அதிகம் பதைத்தது.

"உங்களுக்கு முன்னாலதான் நடந்தது. அந்தப் பையன் தள்ளச் சொன்னானா?"

"இல்லங்க மேடம்."

"கை எதுக்குப் போச்சு?"

தேவசகாயம் தன் கையைப் பின்னால் கொண்டுபோய், விரலை விரித்து, பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். "வேணாம்னு ஆட்னான் மேடம். சத்தம் வரல அவனுக்கு. வாயி மட்டும் அசைஞ்சிது. நான் பாத்தேன்."

மேடம் எழுதினார். எழுதி முடித்து, பேனாவை மூடி, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அத்தனை வருஷத்தில் ஒரு வீரருக்காக அவர் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. தேவசகாயத்துக்கு அது புரியவில்லை. "போவலாங்களா மேடம்?" என்று கேட்டார்.

வெளியே பிரணவுக்கு மஞ்சள் ஜெர்சி போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் வகுப்பறைப் படியில் உட்கார்ந்து காலை ஒரு பக்கெட் தண்ணீரில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஏம்பா, கீழ இறங்கியிருக்கத் தேவையே இல்லையே. மறுத்தேன்னு நான் எழுதிட்டேனே" என்றேன்.

"நீங்க எழுதிட்டீங்க சார். ஆனா அந்த பனியன போட்டுக்கினு எப்பக் கண்ணாடியில பாத்தாலும் முதுகுல அந்தக் கை இருக்குமே" என்றார். காலை ஒருமுறை தண்ணீரில் அலசினார். அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது ஒரு பால் வண்டியிலிருந்து அந்தத் துண்டு கட்டிய ஆள் இறங்கி வந்தார். பேர் சடையன். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். முகம் செத்திருந்தது. மேடமும் அந்நேரம் வெளியே வந்து எங்கள் பின்னால் நின்றார்.

"சாமி, நாங்க தள்ளுனதாலதான் உனக்குப் பரிசு போயிடுச்சின்னு சொல்றாங்க. நெசமா?" என்று கேட்டார் சடையன்.

தேவசகாயம் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது? அண்ணே, அந்த எடத்துல என் காலு ரெண்டும் போயிடுச்சி. நீங்க தள்ளலன்னா அங்கியே வுழுந்து கெடந்திருப்பேன். உங்க கையாலதான் இன்னிக்கு நான் மொத ஆளா வந்தேன்."

"அப்ப எதுக்கு திரும்பி கீழ எறங்குன?"

"கூலிங் கிளாஸு வுழுந்துடுச்சிண்ணே. எடுக்க வந்தேன்."

தேவசகாயம் வாழ்நாளில் கூலிங் கிளாஸ் போட்டதில்லை. எனக்குத் தெரியும், மேடத்துக்கும் தெரியும். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை.

சடையனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. வாய் கொள்ளாத சிரிப்பு. தேவசகாயத்தின் முதுகில், அதே இடத்தில், கையை வைத்துத் தட்டினார். "அப்பிடிச் சொல்லு! வயித்துல புளியக் கரைச்சிட்டானுங்க. அடுத்த வருசமும் வா சாமி, இன்னும் நாலு பேர சேத்து நிக்க வெக்கிறேன்" என்றார்.

"கண்டிப்பா வர்றேண்ணே" என்றார் தேவசகாயம்.